ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள், பார்த்தீர்களா?

உங்கள் காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே குனிந்து, விரலை அடிப்பக்கமாக விட்டுத் தடவிப் பாருங்கள். கீழ்நோக்கித் தொங்கும் ஒரு தகட்டு விளிம்பு தட்டுப்படும். அதன் வழியே விரலை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் அந்த இரண்டு வெட்டுகளுக்கும் இடைப்பட்ட துண்டுதான் ஜாக்கி வைக்க வேண்டிய இடம். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இதே அடையாளம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு இடங்கள்.

அடுத்து, செல்போன் டார்ச்சை அடித்து அந்த இடத்தைப் பாருங்கள். புதுக் காரில் விளிம்பு நேராக, பெயின்ட் கலையாமல் நிற்கும். நாலைந்து வருடம் ஓடிய காரில் அது ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கலாம். மடிப்பில் பெயின்ட் வெடித்து, துரு பொடியாக உதிரலாம். இன்னும் கொஞ்சம் உள்ளே பார்த்தால், ஃப்ளோர் தகட்டில் வட்டமாக ஒரு பள்ளம்கூட இருக்கலாம். ஜாக்கியின் தலை அங்கே ஏறி அழுத்தியதற்கான அடையாளம் அது.

பம்பரில் சின்னக் கீறல் விழுந்தால் அன்று முழுக்க நமக்கு மனசு சரியில்லை. பாலிஷ் போடுகிறோம், செராமிக் கோட்டிங் செய்கிறோம், வெயில் படாமல் கவர் போடுகிறோம். அடிப்பக்கம் கண்ணில் படுவதில்லை என்பதால், அங்கே விழும் காயம் வருடக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. இத்தனைக்கும் அந்தக் காயங்களில் ஒரு பகுதி ஸ்பீடு பிரேக்கரில் தட்டியதால் வந்ததல்ல. பஞ்சர் கடையிலும் சர்வீஸிலும் வாட்டர் வாஷிலும், காரைத் தூக்கி இறக்கும் சில நிமிடங்களில் வந்தது. நாம் டீ குடிக்கப் போன நேரத்தில் நடந்தது.

அந்த விளிம்பு ஏன் அங்கே இருக்கிறது?

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் கார் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது எளிதாகப் புரியும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, லாரிக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது. அச்சில் அழுத்தி வடித்த தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கூடுதான் காரின் எலும்பும் தோலும். இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-ல் லாம்டா காரில் இந்த வழியைத் தொடங்கியது. 1934-ல் வந்த சிட்ரோவென் டிராக்‌ஷன் அவான் அதைப் பெரிய அளவில் சாலைக்குக் கொண்டுவந்தது. இன்று ஸ்விஃப்ட், ஐ20 என நம் தெருவில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். பொலேரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா, ஃபார்ச்சூனர் போன்ற சில வண்டிகளுக்குத்தான் தனி சேஸிஸ் உண்டு.

இந்தத் தகடுகளை ஒட்டுவது ஸ்பாட் வெல்டிங். ரோபோவின் கையில் இருக்கும் வெல்டிங் கருவி, இரண்டு செப்பு முனைகளால் தகடுகளை இரு பக்கமும் கவ்வி, நடுவில் மின்சாரம் பாய்ச்சி உருக்கி ஒட்டுகிறது. கவ்வ வேண்டுமென்றால், தகடுகள் சேரும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகத்தை நம் டிங்கரிங் கடைகளில் 'ரன்னிங் போர்டு' என்கிறார்கள். அதன் வெளித்தகடும் உள்தகடும் சேரும் விளிம்புதான் நீங்கள் விரலால் தடவிய விளிம்பு. ஆயிரக்கணக்கான ஒட்டுகளில் ஒரு வரிசை அங்கே ஓடுகிறது.

ஆக, அந்த விளிம்பு பிறந்ததே ஒட்டுவதற்காக. அதில் நான்கு இடங்களில் மட்டும் உள்ளே கூடுதல் தகடு கொடுத்து, எடை தாங்கும்படி பலப்படுத்தி, வெட்டுக் குறி போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது இரண்டு மெல்லிய தகடுகளின் மடிப்பு, அவ்வளவுதான். குறியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி ஜாக்கி வைத்தால்கூட வளையலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் எடையுள்ள காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் தலையில் 300, 400 கிலோ வரை இறங்கும். விளிம்பின் கனம் 2, 3 மில்லிமீட்டர். ஜாக்கியின் தலை அதைத் தொடும் நீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பாரமும் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள பரப்பில் உட்காருகிறது. விளிம்பு செங்குத்தாக நிற்கும்வரை அதைத் தாங்கிக்கொள்ளும். லேசாகச் சாய்ந்தால் போதும், மடங்கிவிடும்.

காரோடு வரும் ஜாக்கியின் தலையைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, இருபுறமும் பிடிமானத்தோடு நிற்கும், சாயாது. வண்டியை வடிவமைத்தவர்கள் விளிம்பையும் ஜாக்கியையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாகவே செய்திருக்கிறார்கள். பஞ்சர் கடையில் இருப்பது அந்த ஜாக்கி அல்ல. அங்கே இருப்பது நான்கு இரும்புச் சக்கரங்களோடு தரையில் ஓடும் ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி, அல்லது லாரிக்குப் போடும் பாட்டில் ஜாக்கி. டிராலி ஜாக்கியின் தலை வட்டமான கிண்ணம்; ஓரத்தில் பற்கள் வைத்திருப்பார்கள். பாட்டில் ஜாக்கியின் தலையோ சின்ன வட்ட முனை. இரண்டிலும் விளிம்பு இறங்கி நிற்கப் பள்ளம் கிடையாது.

நகர மறுக்கும் ஜாக்கி

டிராலி ஜாக்கியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தினமும் அதைப் பயன்படுத்துபவர்களில் பலர்கூட அதைக் கவனிப்பதில்லை. அதன் கை ஒரு முனையில் கீலில் மாட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடியை அடிக்க அடிக்க, தலை செங்குத்தாக ஏறுவதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியாக வளைந்து ஏறுகிறது. உயர்ந்துகொண்டே கொஞ்சம் இடமும் பெயர்கிறது. இதை ஈடுகட்டத்தான் அடியில் சக்கரங்கள் கொடுத்திருக்கிறார்கள். தலை நகரும் அளவுக்கு ஜாக்கி தரையில் எதிர்ப்பக்கம் உருள வேண்டும். சிமென்ட் தரையில் உருளும். கடை வாசலில் இருப்பது மண்ணும் ஜல்லியும். சின்ன இரும்புச் சக்கரம் மண்ணில் புதைந்து நின்றுவிடும். வண்டியும் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறது, அதுவும் நகராது. அப்போது ஜாக்கியின் தலைதான் விளிம்பை உரசி இழுத்துக்கொண்டு போகும். பெயின்ட்டும், அதற்கடியில் நீர்புகாமல் பூசிய சீலரும் பிய்ந்துகொண்டு வரும். சில சமயம் தலை வழுக்கி, ஃப்ளோரில் போய்க் குத்தும்.

ஜாக்கிக்குக் கீழே ஓர் அகலமான, கனமான பிளைவுட் பலகையைப் போட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். சக்கரம் பலகைமேல் உருளும். பாட்டில் ஜாக்கியாக இருந்தால் மண்ணில் ஒரு பக்கமாக இறங்காது.

விழுப்புரம் புறவழிச்சாலையில் ஒரு டயர் கடை. இரவு எட்டரை மணிக்கு மேல் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாயில் சின்ன டார்ச். இடது கை விரல்கள் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றன. வலது கையால் ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டை எடுத்து ஜாக்கியின் கிண்ணத்தில் வைத்தார். அதன் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தது. விளிம்பு பள்ளத்தில் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை அடித்தார்.

"எதுக்குண்ணே இந்த ரப்பர்?"

"ஜாக்கி தலையும் இரும்பு, வண்டியும் இரும்பு. நடுவுல மெத்துன்னு ஒண்ணு இல்லாட்டி ரெண்டுல ஒண்ணு வளையணும் சார். ஜாக்கி வளையாதுல்ல?"

"கடையில வாங்குனதா?"

"இது எங்க வாங்குறது? பழைய பெல்ட்டு. கிரஷர்ல ஜல்லி ஏத்துற பெல்ட்டு கிழிஞ்சா தூக்கிப் போட்டுருவாங்க. ரெண்டு துண்டு வாங்கியாந்து, ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஆணி அடிக்காம சொல்யூஷன் போட்டு ஒட்டுனேன். கத்தியை சோப்புத் தண்ணில முக்கி முக்கி அறுத்தா ரப்பரு நல்லா வெட்டுப்படும்."

ஆணி ஏன் கூடாது என்று கேட்டேன். பாரம் ஏறினால் ரப்பர் அமுங்கும், ஆணியின் தலை வெளியே வந்து வண்டியைக் குத்தும் என்றார். கஸ்டமர் யாராவது இதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்களா என்றேன். "வெளிச்சத்துல நிக்கிறவங்களுக்கு அடியில என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நட்டைக் கழற்றத் தொடங்கினார்.

வளைந்த விளிம்புக்குப் பஞ்சர் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒரே நாளில் லாரியும் டிராக்டரும் மினி வேனும் பத்து விதமான கார்களும் அவரிடம் வருகின்றன. கையில் இருப்பது ஒரே ஜாக்கி. எந்த வண்டிக்கு எங்கே குறி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழக்கத்தில் வந்த கைதான் வேலை செய்கிறது. அந்தப் பழக்கமும் வேறு காலத்து வண்டிகளில் வந்தது. 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடரின் பின்பக்கம் முழு இரும்பு ஆக்சில், மேலே பட்டை வில். ஜீப்பும் லாரியும் அப்படித்தான். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளி ஏற்றினால் ஒன்றும் ஆகாது. அதே கை இன்று ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்துக்குப் போகிறது. அங்கே குறுக்கே ஓடுவது ஆக்சில் அல்ல, திறந்த வாய் உள்ள ஓர் அழுத்துத் தகடு. இரண்டு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளம் ஏறும்போது முறுக்கிக்கொடுத்து நிமிர்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் நடுவில் ஜாக்கியின் முனை குத்தினால் நசுங்கும். நசுங்கிய இடத்திலிருந்து முறுக்கு சரியாகப் பரவாது. கையேட்டில் அனுமதி இல்லாத எந்தக் காரிலும் அந்த இடத்தைத் தொடக் கூடாது.

அடியில் ஓடும் குழாய்கள்

விளிம்பு வளைவதைவிடப் பெரிய ஆபத்துகள், அதற்குச் சற்று உள்ளே இருக்கின்றன. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் குழாய், பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய் இரண்டும் ஃப்ளோருக்கு அடியில், பல கார்களில் ரன்னிங் போர்டை ஒட்டியே, பிளாஸ்டிக் கிளிப்புகளில் பிடித்தபடி ஓடுகின்றன. சுண்டுவிரல் அளவுகூடக் கனமில்லாதவை. ஜாக்கியின் கிண்ணம் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் போனால் அவற்றை நசுக்கிவிடும். நசுங்கிய பிரேக் குழாய் அன்றே உடையாது. பூச்சு மட்டும் உரியும்; மழைநீர் பட்டுத் துரு ஏறும்; பிறகு ஒருநாள் அவசரமாக பிரேக்கை மிதிக்கும்போதுதான் அது வெடிக்கும். கம்பெனியில் பொருத்தி வரும் சிஎன்ஜி கார்களில் டிக்கியில் இருக்கும் சிலிண்டரிலிருந்து முன்பக்கம்வரை ஓடும் குழாயில் 200 பார் அளவுக்கு அழுத்தம் உண்டு. சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்கள் ஜாக்கி வைக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது என்று சொன்னால் போதாது. நின்றே ஆக வேண்டும்.

முன்பக்கம், இன்ஜினுக்கு அடியில் ஆயில் சேம்பர். வண்டியின் முன்னால் டிராலி ஜாக்கியைத் தள்ளி, "நடுவுல வச்சுத் தூக்கிரலாம்" என்று சேம்பருக்கே முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அலுமினிய சேம்பர் என்றால் விரிசல் விட்டு ஆயில் ஒழுகும். அது தெரிந்துவிடும், வண்டியை நிறுத்திவிடலாம். தகட்டு சேம்பர் உள்ளே நசுங்கினால் வெளியே எதுவும் தெரியாது. சேம்பரின் அடியில், ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் வலை மூடியிட்ட குழாய், தகட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பள்ளம் உள்வாங்கி அந்த வாயை நெருக்கினால், மேட்டில் ஏறும்போதோ நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போதோ இன்ஜினுக்கு ஆயில் போதாமல் போகும். பேரிங் தேய்ந்து சத்தம் வரும்போது, அதற்கும் ஆறு மாதத்துக்கு முன்னால் போட்ட ஜாக்கிக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

இனி, மின்சாரக் கார். இதன் ஃப்ளோரே பேட்டரிதான். 2020-ல் வந்த நெக்ஸான் இவி முதல் மாடலில் 30.2 கிலோவாட் மணி பேட்டரி ஃப்ளோருக்கு அடியில் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த பல கார்களில் அது இன்னும் பெரிது. பெட்ரோல் காரில் ஃப்ளோர் தகட்டில் பள்ளம் விழுந்தால் டிங்கரிங்கோடு போய்விடும். மின்சாரக் காரில் அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் செல்களும், அவற்றைக் குளிர்விக்கும் வழிகளும் இருக்கின்றன. காரின் பாகங்களிலேயே விலை அதிகமானது பேட்டரிதான். டெஸ்லா கார்களில் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். அதில் பொருந்தும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழைச் செருகிவிட்டு, அதன் கீழே ஜாக்கியை வைத்தால், ஜாக்கியின் தலை பேட்டரிப் பெட்டியைத் தொடவே வாய்ப்பில்லை. நம் ஊரில் ஓடும் மின்சாரக் கார்களில் பலவற்றில் அப்படிச் செருகும் ஏற்பாடு இல்லை. குறியைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் வைக்க வேண்டும். அந்தக் குறிக்கும் பேட்டரிப் பெட்டியின் ஓரத்துக்கும் நடுவே அதிக இடமும் இருக்காது.

துரு எங்கிருந்து தொடங்குகிறது?

தொழிற்சாலையில் காரின் கூட்டை அப்படியே ஒரு பெரிய தொட்டிக்குள் முக்கி எடுப்பார்கள். மின்சாரம் பாய்ந்த அந்தக் கரைசலில் தகட்டின் இடுக்குகள் வரை பிரைமர் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தகடு சேரும் இடங்களில் சீலர், அடிப்பக்கத்தில் பிவிசி பூச்சு. இவ்வளவு கவனமாகப் போர்த்தி அனுப்பிய தகட்டில், மடிந்த விளிம்புதான் முதல் ஓட்டை. தகடு மடியும்போது பூச்சு கூடவே மடியாது, வெடிக்கும். இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இருந்த ஒட்டு வாய் பிளக்கும். அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

ரன்னிங் போர்டு உள்ளே காலியான பெட்டி. உள்ளே சேரும் தண்ணீர் வடிய, அடி விளிம்பை ஒட்டிச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். விளிம்பு நசுங்கினால் பக்கத்தில் உள்ள துளையும் சேர்ந்து அடைபட வாய்ப்பு உண்டு. உள்ளே போக வழி, வெளியே வர வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உப்புக்காற்றில் தினமும் நிற்கும் கார்களுக்கு வெள்ளம்கூடத் தேவையில்லை. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போட்டது தெரியும்போது, தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும்.

இதை அழகுப் பிரச்சினை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால், கதவோடு சேர்ந்து அந்த அடியைத் தாங்குவது இந்தப் பெட்டிதான். பிரிட்டனில் மூன்று வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்திய இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் கார் தேறாது. நம் நாட்டில் சொந்தக் காருக்கு, பதிவு முடியும் 15-வது ஆண்டில்தான் அப்படி ஒரு தகுதிச் சோதனை. அதுவரை அடியில் குனிந்து பார்க்க வேண்டியவர் உரிமையாளர் மட்டுமே.

என்ன செய்யலாம்?

பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் ஒன்று போதும். ஆன்லைனிலும் கார் ஆக்சஸரீஸ் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பலர் ஐஸ் ஹாக்கி ஆடும் வட்டையே வாங்கிப் பள்ளம் வெட்டிக்கொள்கிறார்கள். 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம், கெட்டியான வல்கனைஸ் ரப்பர். ஜாக்கியின் கிண்ணத்தில் உட்கார அதன் அளவு தோதாக அமைந்துவிட்டது. பள்ளத்தின் ஆழம் எவ்வளவு என்பதற்கு, உங்கள் காரோடு வந்த ஜாக்கியின் தலையையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவருக்கு உங்கள் காரின் விளிம்பு தெரியும்.

மரக்கட்டையில் செய்துகொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே பள்ளத்தை வெட்டினால், பாரம் ஏறியதும் விளிம்பு ஆப்பு மாதிரி இறங்கிக் கட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். தூக்கிய வண்டி ஒரு பக்கமாகச் சரியும். ரேகைக்குக் குறுக்கேதான் பள்ளம் வர வேண்டும். அல்லது, அடுக்குக்கு அடுக்கு ரேகை மாறி ஒட்டிய கனமான பிளைவுட்டில் செய்வது உத்தமம்.

பேட் இருந்தாலும், காரை நகராமல் நிறுத்தாவிட்டால் பயனில்லை. பலர் "கியர்ல போட்டிருக்கேன், நகராது" என்று நம்புகிறார்கள். முன்சக்கர இழுவைக் காரில் கியர் பிடிப்பது முன்சக்கரங்களை. அதில் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். தரையில் நிற்கும் மற்றது உருளும். கியர் இருந்தும் இல்லாத கதைதான். ஆட்டோமேட்டிக் கார்களின் 'பி' நிலையும் இதேதான். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது பின்சக்கரத்து ஹேண்ட் பிரேக் மட்டும். கேபிள் தளர்ந்த பழைய வண்டியாக இருந்தால் அதுவும் சந்தேகம். தூக்கும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரில் உள்ள சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்தே ஆக வேண்டும். வண்டி ஒரு சாண் நகர்ந்தால் ஜாக்கி சாயும், விளிம்பு பக்கவாட்டில் முறியும், பிரேக் டிஸ்க் தரையில் மோதும், ஜாக்கியின் தலை ஃப்ளோரைக் கிழிக்கும்.

அதே காரணத்தால், ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. விழுந்த ஸ்பானரை எடுக்கக்கூட. கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரும். மனிதருக்கும் காப்பு, காருக்கும் காப்பு. அடியில் புகுந்து செய்யும் வேலை என்றால் ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்குவதும் முக்கியம். தூக்கிய பிறகு ஸ்பானரில் ஏறி மிதித்தால், அந்த உதறல் முழுக்க ஜாக்கிக்கும் விளிம்புக்கும்தான் போகும்.

ஏற்கெனவே வளைந்துவிட்ட விளிம்பை அப்படியே விட்டுவிட வேண்டாம். துரு பிடிக்காத நிலையில் டிங்கரிங் கடையில் காட்டினால், பிளையர் போட்டு மெதுவாக நிமிர்த்தி, சுரண்டி, பிரைமர் அடித்து, சீலர் போட்டு, அண்டர்கோட்டிங் பூசி அரை நாளில் தந்துவிடுவார்கள். அண்டர்கோட்டிங் அடிக்கும்போது வடிகால் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். துரு தின்றுவிட்டால் வேலை வேறு: சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைப் பிரித்து, ஒயர்களை ஒதுக்கி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தகட்டை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும்.

சர்வீஸுக்கு விடும்போது நான்கு ஜாக்கி இடங்களையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. இரண்டு தூண் லிஃப்ட்டில் ஏற்றும் இடங்களில் அதன் கைகளில் இருக்கும் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், மாற்றிவிட்டு ஏற்றச் சொல்வது உங்கள் உரிமை. பஞ்சர் கடையில் அவ்வளவு பேச வேண்டியதில்லை. டீக்கடைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று, டார்ச்சைப் பிடித்து, "அண்ணே, இந்த வெட்டுக்கு நடுவுல வைங்க, இந்த ரப்பர போட்டுக்கோங்க" என்று சொல்லி பேடை நீட்டினால் போதும். முகம் சுளிப்பவர்கள் குறைவு. பலர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

கார் கம்பெனிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்களில் டியூப்லெஸ் டயரும், டயர் காற்றழுத்தம் காட்டும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் பெரும்பாலும் ஜாக்கியும் இருக்காது. பள்ளம் வைத்த அந்த ஜாக்கியே வண்டியில் இல்லையென்றால், காரைத் தூக்கும் வேலை முழுவதுமாக டயர் கடைக்குப் போய்விடும். அப்படியானால் குறி எங்கே என்பது, டேஷ்போர்டுக்குள் உறை பிரிக்காமல் கிடக்கும் ஆங்கிலக் கையேட்டில் மட்டும் இருந்தால் எப்படி? ரன்னிங் போர்டின் வெளிப்பக்கத்தில், இரவில் டார்ச் வெளிச்சம் பட்டால் மின்னும்படி ஓர் அம்புக்குறி. கதவைத் திறந்தால் கண்ணில் படும்படி அந்தந்த மாநில மொழியில் படத்தோடு ஒரு ஸ்டிக்கர். டிக்கியில் அந்தக் காரின் விளிம்புக்கு அளவெடுத்து வார்த்த ஒரு ரப்பர் பேட். பல லட்சம் விலையுள்ள காரில் இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, ஃப்ளோர் மேட்டுக்கு ஆகும் செலவுகூட வராது. அடுத்து கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டச் சொல்லும்போது, ஜாக்கி வைக்கும் இடத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.